லீக்ஸின் பச்சைப் பாதி

என் வீட்டுக்காரி மாத்திரையை விழுங்குவதில்லை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ரத்தம் அப்படித்தான் சொன்னது. ரத்தம் பொய் சொல்லுமா?

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், அதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்திருக்கிறார்கள். சத்தமில்லாத அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம் ஓடுவதுபோல் கேட்கும். உலோகத்தில் ரத்தம் ஒட்டிக் கட்டியாகப் பார்க்குமாம். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு தலைக்குப் போனால் ஆள் காலி. அதனால் ரத்தத்தைக் கொஞ்சம் நீர்க்க வைத்திருக்க ஒரு மாத்திரை. சாயங்காலம் சாயங்காலம், உயிர் உள்ளவரை. அது வேலை செய்கிறதா என்று பார்க்க, கிளினிக்கில் விரலைக் குத்தி ஓர் எண் சொல்வார்கள். எண் இறங்கினால் ரத்தம் உறையும். ஏறினால் எங்காவது வழியும். நடுவில் சின்னச் சந்து ஒன்று. அவள் அந்தச் சந்துக்குள்ளேயே நிற்க வேண்டும். கயிற்றின்மேல் நடப்பவளைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துவதுபோலத்தான்.

ஆபரேஷன் முடிந்து வெகுநாள் அந்த எண் சொன்ன பேச்சைக் கேட்டது. பிறகு இறங்க ஆரம்பித்தது.

“மாத்திரை தினமும் சாப்பிடறீங்களாம்மா?” என்று நர்ஸம்மா கேட்டார். நல்ல மனுஷிதான். ஆனால் கேள்வி கேட்கும்போது கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு, அதற்கு மேலாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் செய்யாத திருட்டையும் ஒப்புக்கொள்வேன்.

“சாப்பிடறேனே.”

“எப்பவாவது மறந்து கிறந்து...”

“சாப்பாட்ட மறந்தாலும் மறப்பேன், இத மறக்க மாட்டேன்.”

“அப்புறம் ஏன் இப்படி இறங்குது?”

“அத நீங்கதானே சொல்லணும்?” என்றாள் என் வீட்டுக்காரி. வாய்க்கு மட்டும் அவள் ஒருநாளும் மருந்து சாப்பிட்டதில்லை.

டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். வெளியே வரும்போது நர்ஸம்மா என்னை மட்டும் கதவோரம் நிறுத்தினார். “ஐயா, வீட்ல கொஞ்சம் பாத்துக்கோங்க. நோய் நீண்டுக்கிட்டே போனா சிலருக்கு வெறுத்துப்போயிடும். வாயில போடுவாங்க, விழுங்க மாட்டாங்க.”

இதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்டபின் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துகொண்டு, “உங்களுக்கு நான் பாரம். அந்த மேசையிலேயே போய்ச் சேர்ந்திருக்கலாம்” என்று சொல்லியிருக்கிறாள். அப்போது அதை அலுப்பில் வந்த பேச்சு என்று விட்டுவிட்டேன். இப்போது அந்தப் பேச்சு எழுந்து வந்து என் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டது.

என் வேலையைச் சொல்ல வேண்டும். சிமெண்ட் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போனபின், காய்கறி கட்டி அனுப்பும் கொட்டகை ஒன்றில் சேர்ந்திருந்தேன். முக்கால்வாசி லீக்ஸ்தான். வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருக்கும். அடியில் வெள்ளைத் தண்டு, மேலே விசிறியாகப் பச்சை இலை. வயலிலிருந்து மண்ணும் வேருமாக வந்து இறங்கும். வேரை நறுக்கு, வெளிமடலை உரி, வெள்ளை முடிந்து பச்சை தொடங்குகிற இடத்தில் ஒரே வெட்டு, தொட்டியில் அலசு, ரப்பர் போடு, பெட்டியில் அடுக்கு. தொட்டித் தண்ணீரில் விரல் விறைத்துப்போய் அது யார் விரல் என்றே தெரியாது. வெள்ளை பெட்டிக்குப் போகும். பச்சை மேசைக்கடியில் விழும். சாயங்காலம் மாட்டுக்காரன் வண்டி கொண்டுவந்து அள்ளிப் போவான்.

மாட்டுக்காரன் வருமுன் நாங்கள் அள்ளிக்கொள்வோம். அது எழுதாத சட்டம். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பான். அவனுக்கு நாங்கள் வைத்த பேர் கத்தரி. யார் பேசினாலும் நடுவிலேயே வெட்டுவான்.

“மாடு தின்ன மிச்சத்த நாம திங்கறோமா, நாம தின்ன மிச்சத்த மாடு திங்குதா?” என்பாள் என் எதிர்மேசை ரேடியோ அக்கா. காலையில் கொட்டகைக்குள் வந்து வாயைத் திறந்தால் கேட்டைப் பூட்டும்போதுதான் அணைப்பாள்.

“மாடு ஒண்ணும் குறை சொல்லல அக்கா. நீதான் சொல்ற.”

“மாட்டுக்கு நாலு வயிறு இருக்கு. நமக்கு இருக்கறது ஒண்ணு, அதுவும் வாடகை வயிறு.”

பச்சை முரடானது. குறுக்கே மெல்லியதாக நறுக்கி, இலைக்கவட்டில் ஒளிந்திருக்கும் மண்ணை அலசி, நன்றாக வேகவிட வேண்டும். என் வீட்டுக்காரிக்கு அது கைவந்துவிட்டது. முட்டையில் போடுவாள், உருளைக்கிழங்கில் போடுவாள், பருப்பில் போடுவாள், ஒன்றுமில்லாத நாளில் வெறும் உப்பும் மிளகும் போட்டு சூப் வைப்பாள். எங்கள் வீட்டுப் படிக்கட்டே லீக்ஸ் வாடை அடிக்கும். நான் எழுத்துப் படித்தது நாற்பதுக்கு மேலே. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் பார்க்கிற ஆசை இன்னும் போகவில்லை. பெட்டியில் லீக்ஸின் சத்தைப் பற்றி அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு வந்து வீட்டில் பெருமை அடிப்பேன். “நார்ச்சத்து, இரும்புச்சத்து, வைட்டமின்... பணக்காரன் காசு குடுத்துத் திங்கறான், நமக்குச் சும்மா வருது.”

“சும்மா வர்றது வயித்துல தங்குமான்னு பாப்போம்” என்பாள்.

கீரை, முட்டைக்கோஸ் மாதிரிப் பச்சைகளை ஒரு நாள் அள்ளித் தின்று மறுநாள் விட்டுவிடக்கூடாது, அளவாக ஒரே மாதிரி சாப்பிட வேண்டும், மாத்திரையோடு மல்லுக்கு நிற்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் எதிலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கீரையையே வீட்டுக்குள் விடவில்லை. லீக்ஸைப் பற்றியும் கேட்காமல் இல்லை. “லீக்ஸ் சாப்பிடலாமா?” என்று நர்ஸம்மாவிடம் நேராகவே கேட்டாள். “அது வெங்காய வகைதானே, தாராளமா சாப்பிடுங்க” என்றுதான் அவர் சொன்னார். ஆகவே அந்தப் பக்கம் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகப்பட வேறு ஆளா இல்லை? நாங்கள் இரண்டு பேர் இருந்தோமே.

நான் கண்கொத்திப் பாம்பாக அவளைப் பார்க்கத் தொடங்கினேன்.

சாயங்காலம் அவள் அடுப்பு மேடையில் தண்ணீர் எடுத்து, மாத்திரையை வாயில் போட்டு, தலையைப் பின்னால் சாய்ப்பாள். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். இறங்கும். ஆனால் தண்ணீர் மட்டும் இறங்கினாலும் அப்படித்தானே இருக்கும்? அவள் குளிக்கப் போனதும் குப்பைக்கூடையைக் கிளறுவேன். மெத்தையைத் தூக்கிப் பார்ப்பேன். பாத்திரம் கழுவும் தொட்டியின் சல்லடையைக் கழற்றிப் பார்த்தேன். லீக்ஸ் துணுக்குதான் இருந்தது. சன்னலோரத் தொட்டியில் ஒரு செடி வாடியிருந்தது. மாத்திரையை அதில்தான் புதைக்கிறாள், அதனால்தான் செடி சாகிறது என்று முடிவுகட்டி, மண்ணை விரலால் தோண்டினேன்.

“என்ன, புதையலா?” என்று பின்னாலிருந்து கேட்டாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

“செடி வாடிப்போச்சேன்னு...”

“தண்ணி ஊத்துங்க. தோண்டினா துளிர்க்குமா?”

அடுத்தமுறை எண் இன்னும் இறங்கியிருந்தது. மாத்திரையை மறுபடியும் கூட்டினார்கள். “இப்படியே போனா எந்த நேரமும் பக்கவாதம் வரலாம்” என்று டாக்டர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். அன்று சாயங்காலம் அவள் மாத்திரை போட்டதும் என்னால் அடக்க முடியவில்லை.

“வாயத் திற.”

“என்னது?”

“திறந்து காட்டு. நாக்கத் தூக்கு.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வாயை அகலமாகத் திறந்து, நாக்கை மேலே தூக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பியும் காட்டினாள். ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டு, “பல்லப் பாத்து எத்தனை வயசுன்னு சொல்லுங்க. சந்தைல மாட்ட இப்படித்தான் பாப்பாங்க” என்றாள்.

அதன்பின் அவளும் என்னைச் சந்தேகப்படத் தொடங்கினாள். மாத்திரை வாங்கி வருகிறவன் நான்தானே. புது அட்டையையும் பழைய அட்டையையும் சன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். மாத்திரையை மூக்கில் வைத்து மோந்தாள்.

“இது நிறம் வேறயா இருக்கே?”

“கூட்டி எழுதினாங்கல்ல. அதான் நிறம் மாறியிருக்கு.”

“எந்தக் கடைல வாங்கறீங்க?”

“வழக்கமா வாங்கற கடைதான்.”

“பில்லுக் காட்டலயே நீங்க.”

“நான் உனக்குப் போலி மாத்திரை வாங்கித் தர்றேங்கறியா?”

“நான் முழுங்காம ஏமாத்தறேங்கறீங்கல்ல? அதே மாதிரிதான் இதுவும்.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேர் அரண்டிருந்தோம், இருப்பது ஓர் அறை. பேய்க்கு நிற்க இடமில்லை. அந்த நிலையிலும் சாயங்காலம் நான் பை நிறையப் பச்சை கொண்டுவருவதும் அவள் நறுக்குவதும் நிற்கவில்லை. நோயாளி உடம்புக்குச் சத்து வேண்டுமே என்று இன்னும் ஒரு பிடி சேர்த்தே கொண்டுவந்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை கத்தரி கொட்டகை நடுவில் நின்று கை தட்டினான்.

“இன்னைலருந்து பச்சை இலைய யாரும் எடுக்கக் கூடாது. கேட்ல பை சோதனை உண்டு.”

“ஏன், மாடு புகார் குடுத்துச்சா?” என்றாள் ரேடியோ அக்கா.

“மாட்டுக்கும் கிடையாது. ஒரு கம்பெனி மொத்தமா வாங்கறான். காய வெச்சுப் பொடி பண்ணி டப்பால போட்டு விக்கப் போறான். சத்தெல்லாம் பச்சைலதான் இருக்காம். வெள்ளைல ஒண்ணும் பெருசா...”

“அட! அப்ப இத்தனை நாளா முதலாளி வீட்ல சக்கை தின்னாங்க, நாம சத்தத் தின்னோமா?”

கொட்டகையே சிரித்தது. கத்தரி வெட்ட வாயைத் திறந்தான், வெட்ட எதுவும் கிடைக்காமல் மூடிக்கொண்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. சாயங்காலம் வெறும் பையோடு போகும்போதுதான் சிரிப்பு நின்றது. கேட்டில் காவலாளி என் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்த்து, மூடியைக்கூடத் தட்டிப் பார்த்தான். என் வாழ்க்கையில் அந்தக் காலம் முழுக்கச் சோதனைக்காலம்தான். நான் வீட்டில் அவளைச் சோதிப்பேன், இவன் என்னைச் சோதிப்பான்.

வீட்டில் சமையல் மாறியது. உருளைக்கிழங்கு, முட்டை, ரொட்டி. அவள் குறை சொல்லவில்லை. “வாடை போச்சு, படிக்கட்டு சுத்தமாச்சு” என்றாள்.

கொஞ்ச நாளில் அவள் பல் துலக்கித் துப்பியது சிவப்பாக இருந்தது. “ஈறு” என்றாள். தொடையில் ஒரு கறுப்புத் திட்டு. “மேசை மூலை இடிச்சுது” என்றாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் தடுமாற, நான் மேல்கையைப் பிடித்து இறக்கினேன். அழுத்திக்கூடப் பிடிக்கவில்லை. மறுநாள் அந்த இடத்தில் என் விரல்கள் நாலும் நீலமாகப் பதிந்திருந்தன.

ரத்தம் நீர்த்துவிட்டது என்று எனக்கே புரிந்தது. புரிந்ததும் புதுச் சந்தேகம் பிறந்தது. நான் வாயைத் திறக்கச் சொன்ன ஆத்திரத்தில் இவள் இப்போது இரண்டு மூன்றாக விழுங்குகிறாளா? ‘விழுங்கலன்னுதானே சொன்ன, இந்தா பார்’ என்று? அவள் ரோஷம் அப்படிப்பட்டது. ஒருமுறை உப்பு குறைவு என்று நான் சொன்னதற்கு, மறுநாள் சாப்பாட்டில் உப்பு மட்டும்தான் இருந்தது.

“எத்தனை போடற?” என்று கேட்டேன்.

“எழுதினதுதான் போடறேன்.”

“கூட எதுவும்...?”

அவள் கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். “போன மாசம் நான் போடறதே இல்ல. இந்த மாசம் அள்ளி அள்ளிப் போடறேனா? ஒரு முடிவுக்கு வாங்க. நான் எப்படிச் சாக நெனக்கறேன்னு நீங்களே சொல்லிட்டா எனக்கும் வசதியா இருக்கும்.”

கிளினிக்குக்குப் போகலாம் என்றேன். குறித்த நாள் அடுத்த வாரம்தான், உங்கள் சந்தேகத்துக்கெல்லாம் என் விரலைக் குத்திக்கொள்ள முடியாது என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்தான். வேன் ஓட்டுகிறவன், மூட்டை மாதிரி உடம்பு, அக்கா என்றால் உயிர். அக்கா காபி டம்ளரை நீட்டினாள். ஜாக்கெட் கைக்குக் கீழே என் நாலு விரலும் தெரிந்தன. அவன் டம்ளரை வாங்கவில்லை.

“என்னக்கா இது?”

“ஒண்ணுமில்லடா. பஸ்ல மாமா பிடிச்சார்.”

“பஸ்ல பிடிச்சா இப்படியா ஆகும்?” அவன் என் பக்கம் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. “மாமா, கொஞ்சம் உங்க கையக் காட்டுங்க.”

“எதுக்கு மச்சான்?”

“அளவு பாக்கத்தான்.”

“தம்பி, பேசாம உக்காரு. அவரு என்னை அடிக்கற ஆளா?”

“அடிக்கற ஆளு முகத்துல எழுதியா ஒட்டியிருக்கும்? நோய்க்காரிய வெச்சுப் பாக்கறது கஷ்டம்தான். முடியலன்னா சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன். கை நீட்டறதெல்லாம் வேண்டாம்.”

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். பொய். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என் விரல்கள் அங்கே இருந்தன, அதை நான் எப்படி இல்லையென்பேன்? “உங்கக்கா மாத்திரைய அளவில்லாம முழுங்கறா, அதனால...” என்று ஆரம்பித்தேன். அவள் சடாரென்று என்னைப் பார்த்தாள். தம்பியின் முன்னாலேயே சொல்லிவிட்டேன். சொன்ன அந்த நொடியில் அவள் மூக்கிலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது.

முதலில் துண்டால் அழுத்தினாள். துண்டு நனைந்தது. இன்னொரு துண்டு. “நிக்கும், நிக்கும்” என்றாள். நிற்கவில்லை. தரையில் சொட்டிய ரத்தம் உறைவதாக இல்லை, தண்ணீர்போலப் பரவியது. அவன் அவளைத் தூக்கப் போனான். “மெதுவா, அழுத்திப் பிடிக்காதே!” என்று நான் கத்தினேன். பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி வேனில் ஏற்றினோம். அவன் ஆஸ்பத்திரிக்கு வேனை விரட்டினான். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கிளினிக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான். நல்லவேளை, நர்ஸம்மா அன்று அவசரப் பிரிவில் வேலையில் இருந்தார். மூக்கில் பஞ்சு திணித்தார்கள், விரலைக் குத்தினார்கள். எண்ணைப் பார்த்ததும் நர்ஸம்மா கண்ணாடியை இறக்கவில்லை, கழற்றியே விட்டார். பிறகு கை, தொடை எல்லாம் பார்த்தார். நாலு விரலையும் பார்த்தார்.

“ஆம்பளைங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் ஒரு கோடி, நான் ஒரு கோடி. கதவு பலகைக் கதவு, பேச்சு கேட்டது.

“பயப்படாம சொல்லுங்கம்மா. வீட்டுக்காரர் அடிக்கறாரா?”

உள்ளே சத்தமில்லை. என் வாழ்க்கையில் அத்தனை நீளமான சத்தமின்மையை நான் கேட்டதில்லை. ஏற்கெனவே அவளுக்கு என்மேல் இருந்த கோபத்துக்கு, ஒரு தலையாட்டல் போதும். நான் அதற்குத் தகுதியானவன்தான் என்றுகூட நினைத்தேன்.

“அவரா?” என்றாள். மூக்கில் பஞ்சு இருந்ததால் குரல் வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. “அடிக்க மாட்டார். பாப்பார். பாத்தே சாகடிப்பார். நான் முழுங்கறேனான்னு பாப்பார், முழுங்கினத எண்ணுவார், மெத்தையத் தூக்கிப் பாப்பார். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கார்.”

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

“சரி, மாத்திரை எவ்வளவு போடறீங்க?”

“எழுதினது. ஒண்ணு கூட இல்ல, ஒண்ணு குறைய இல்ல. நீங்க நம்பறதா இருந்தா நம்புங்க. வீட்லதான் யாரும் நம்பல.”

“நம்பறேன்” என்றார் நர்ஸம்மா. “அப்ப சொல்லுங்க. போன தடவைக்கும் இப்பவுக்கும் நடுவுல என்ன மாறிச்சு? வேற மருந்து? நாட்டு மருந்து? சாப்பாடு?”

“வேற மருந்தெல்லாம் இல்ல. சாப்பாடுன்னா... லீக்ஸ் நின்னுபோச்சு. அவர் வேலை செய்யற எடத்துல குடுக்கறதில்ல இப்ப.”

“லீக்ஸா? அது நின்னதுக்கா இந்த அளவுக்கு ஏறும்... எவ்வளவு சாப்பிட்டீங்க?”

“தினமும்தான். பை பையா கொண்டாருவார்.”

“தினமும் அவ்வளவு தண்டா?”

“தண்டு எங்களுக்கு யாரு குடுப்பா? தண்டு பெட்டிக்கு. நாங்க இலைதான்.”

பிறகு கதவு திறந்தது. நர்ஸம்மா என்னைப் பார்த்து, “ஐயா, உள்ள வாங்க. அந்த இலை என்ன பச்சை? வெளிர் பச்சையா, கரும்பச்சையா?” என்று கேட்டார்.

“கரும்பச்சைங்க. கைல சாயம் ஒட்டும்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நீங்க கேட்டப்ப நான் வெள்ளைத் தண்ட நெனச்சுக்கிட்டுச் சாப்பிடலாம்னு சொன்னேன். நான் வாங்கறது அப்படித்தான் வரும், மேல எல்லாம் வெட்டிட்டு. எந்தப் பாகம்னு கேக்காதது என் தப்பு.”

அவர் விளக்கிச் சொன்னார். ரத்தம் உறைய உடம்புக்கு வைட்டமின் கே என்று ஒன்று வேண்டும். கரும்பச்சை இலைகளில் அது கொட்டிக் கிடக்கும், வெளிறிய தண்டில் குறைவு. மாத்திரை ரத்தத்தை ஒரு பக்கம் இழுத்தால் இது மறுபக்கம் இழுக்கும். நாங்கள் பச்சையைத் தின்னத் தின்ன எண் இறங்கியது. எண் இறங்க இறங்க இவர்கள் மாத்திரையைக் கூட்டினார்கள். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் ஆள் சேர்த்துக்கொண்டே போன மாதிரி. பிறகு ஒரே நாளில் பச்சை நின்றது. ஒரு பக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கயிற்றைக் கைவிட்டால் மறுபக்கம் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

“இப்ப என்ன பண்ணப் போறீங்க?” என்று என் பின்னாலேயே உள்ளே வந்திருந்த மச்சான் கேட்டான்.

“டாக்டர் அதே கே சத்த மருந்தாக் குடுக்கச் சொல்லியிருக்கார். மாத்திரைய ரெண்டு நாள் நிறுத்திட்டு, குறைச்சு எழுதுவாங்க.”

“இலைல இருந்ததையேவா?” என்று அவள் படுக்கையிலிருந்தபடி கேட்டாள். “அப்ப அந்தக் காவலாளி கேட்டுல இவர் பைய சோதிக்காம இருந்தா எனக்கு மூக்குல வந்திருக்காது.”

“மூக்குல வந்திருக்காது. தலைல உறைஞ்சிருக்கும்” என்றார் நர்ஸம்மா. அறையில் யாரும் சிரிக்கவில்லை.

அவளைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். வேனில் ஏறுமுன் மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றான். சாவியை விரலில் சுற்றினான். “மாமா... அது வந்து... அக்காவப் பாத்ததும்...” என்றான்.

“நீ கேட்டது சரிதான் மச்சான். கேக்கலன்னாதான் தப்பு.”

“இருந்தாலும் கையளவு பாக்கறேன்னு சொல்லியிருக்கக் கூடாது.”

“பாத்திருந்தா சரியா இருந்திருக்கும். என் விரல்தானே” என்றேன். அவன் வேன் கதவைத் திறந்து விட்டான்.

வீட்டுக்கு வந்தோம். படிக்கட்டில், வழக்கமாக அவள் மூச்சு வாங்க உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். நான் கீழ்ப்படியில் நின்றேன்.

“நல்லதுக்குத்தான் கொண்டாந்தேன்” என்றேன்.

“தெரியும். நல்லதுக்குத்தான் மெத்தையையும் தூக்கிப் பாத்தீங்க.”

“நர்ஸம்மா சொன்னாங்கன்னு...”

“நர்ஸம்மாவுக்கு நான் யாரு? விரல். குத்தினா எண் சொல்ற விரல். அவங்க சந்தேகப்படலாம். உங்களுக்குமா நான் விரலு?” என்றாள். சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்து எழுந்து, நான் கை கொடுக்கக் காத்திராமல் ஏறிப் போனாள்.

அடுத்த நாளிலிருந்து சாயங்காலமானால் நான் அடுப்பு மேடைப் பக்கம் போவதில்லை. வாசலில் நின்று தெருவைப் பார்ப்பேன். டம்ளர் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்கக் கழுத்து துடிக்கும். சந்தேகமும் பீடி மாதிரிதான், விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், கை தானாகப் பையைத் தடவும். ஒருமுறை டம்ளர் சத்தம் கேட்கவே இல்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா? வாசல் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரன் சைக்கிளுக்குக் காற்றடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் இரண்டு சக்கரத்துக்கும் அடித்து முடித்தான். நான் திரும்பவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தார்கள். எண் மெல்ல மெல்ல இறங்கி, ஒரு வழியாகச் சந்துக்குள் வந்து நின்றது. நர்ஸம்மாவுக்குச் சந்தோஷம். பச்சை வேண்டுமானால் சாப்பிடுங்கள், ஆனால் தினமும் ஒரே அளவு, கூட்டுவதோ குறைப்பதோ என்றால் முன்பே எங்களிடம் சொல்லுங்கள் என்றார். பிறகு வாய்ப் பழக்கத்தில், ஊசியைக் குப்பையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

“மாத்திரை தினமும் சாப்பிடறீங்களாம்மா?”

அவள் வாயைத் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன். “சாப்பிடறா.”

நர்ஸம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். “நீங்க பாத்தீங்களா?”

“இல்லீங்க. பாக்கல. சாப்பிடறா.”

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். விரலில் ஒட்டியிருந்த பஞ்சை அவள் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

“பாக்காமலே எப்படி அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க?” என்றாள்.

“தெரியும், சொன்னேன்.”

“எப்படித் தெரியும்?”

“தெரியும்னா தெரியும்.”

“வாசல்ல நிக்கற மாதிரி நின்னுக்கிட்டு எதுலயாவது பாக்கறீங்களா? எதிர்வீட்டுச் சன்னல் கண்ணாடில தெரியுதா?”

“சத்தியமா இல்ல.”

“ம்” என்றாள். பஸ் வரும்வரை என்னையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.